இரண்டு சிலிண்டர்

முள் இருநூறில் நின்றது.

சிலிண்டர் நிறையக் காற்று என்று அர்த்தம். அவளுக்கு அது போதும் என்றிருந்தது. படகின் விளிம்பில் உட்கார்ந்தாயிற்று. முகமூடி நெற்றியில் ஏறியிருக்கிறது. பக்கத்தில் கணவன், அவள் கட்டிவிட்ட சிலிண்டரை முதுகில் சுமந்துகொண்டு. இனி மல்லாக்க விழ வேண்டியதுதான் பாக்கி.

எதிரே ஃபெலிக்ஸ் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடலுக்கடியில் ஆட்களை அழைத்துப்போகும் வேலைக்கு இன்று கடைசித் தேர்வு. கடலில் முங்கியே பார்த்திராத ஒருவரைப் பத்திரமாகக் கீழே கூட்டிப்போய், பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். யார் யாரையோ கேட்டுப் பார்த்தாள். கடைசியில் கணவன் சிவநேசன்தான் லீவு போட்டுவிட்டு வந்தான். கடலூர் டிப்போவில் கண்டக்டர். நீச்சல் அரைகுறை.

போன முறை அவள் தேறவில்லை. காகிதத்தில் ஃபெலிக்ஸ் சார் எழுதியது ஒரே வார்த்தை.

தாமதம்.

இந்த முறையும் போனால் மறுபடி இந்த டைவிங் கடையின் மேசையில் உட்கார்ந்து, ஈர உடுப்புகளைக் கழுவிக் காயப்போட வேண்டியதுதான்.

அவர் எழுதியதிலும் தப்பு சொல்ல முடியாது. எதையும் இரண்டு தடவை பார்க்காவிட்டால் அவளுக்கு ஆகாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தபிறகு, கேஸை மூடினோமா என்று திரும்பி ஓடுவாள். ஆறு வருஷத்தில் சிவநேசன் தவறவிட்ட பஸ்ஸுக்குக் கணக்கே இல்லை. ஒரு கண்டக்டருக்கு இது எவ்வளவு அவமானம்.

இன்று ஓடக் கூடாது என்று முடிவோடு வந்திருந்தாள். ஒரே தடவை. சிலிண்டர் இரண்டையும் முழுசாகத் திறந்தாள். முள் இரண்டும் இருநூறு. படகின் முன்பக்கம் போய், ஆளைக் கீழே அமிழ்த்தும் ஈய பெல்ட்டுகளை எடுத்து வந்தாள். அவனுக்குக் கட்டினாள். தனக்கும் கட்டினாள்.

ஒன்றுதான் மிச்சம். ரெகுலேட்டரை வாயில் வைத்து, முள்ளைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழுக்க வேண்டும். முள் அசையக் கூடாது.

விட்டுவிடலாமா?

இருநூறு காட்டுகிறதே. நேரம் ஓடுகிறதே.

மனசு கேட்கவில்லை. பாழாய்ப்போன மனசு, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடியது.

அவன் ரெகுலேட்டரை எடுத்து அவன் வாயிலேயே வைத்தாள்.

"இழுங்க."

இழுத்தான். முள் நூறுக்குச் சரிந்தது.

இன்னொரு மூச்சு. முப்பது.

மூன்றாவது வரவில்லை. சிவநேசன் கண்கள் பிதுங்க ரெகுலேட்டரைத் துப்பினான்.

டியூபுக்குள் தங்கியிருந்த கொஞ்சூண்டு காற்றுதான் இவ்வளவு நேரமும் முள்ளைத் தூக்கிப் பிடித்திருந்தது. சிலிண்டர் மூடிக் கிடக்கிறது.

அவனுக்கோ அரைகுறை நீச்சல். இடுப்பில் ஆறு கிலோ ஈயம். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் திருகினாள். உஸ்ஸென்று காற்று ஏறியது. முள் துள்ளிப் போய் இருநூறில் நின்றது.

"இழுங்க."

அசையவில்லை.

"இன்னும்."

அசையவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது.

"நான் திறந்துதானே வச்சேன்" என்றாள், தனக்குத்தானே.

"ஆமா, திறந்துதான் இருந்துச்சு" என்றான் சிவநேசன். "நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்ட. மறந்துட்டியோன்னு நான்தான் மூடினேன்."

சிலிண்டர். ரெகுலேட்டர். டியூப். காலையிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் சமையலறை வார்த்தைகள். எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்தான் என்று அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பயத்தை அடக்கி வைத்திருந்தான். ஆள் இல்லாத நேரத்தில் சிலிண்டர் திறந்து கிடக்கலாமா? ஆறு வருஷமாக அவள் கொடுத்த பயிற்சி வீண் போகவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. ஃபெலிக்ஸ் சார் பார்க்கிறார் என்று இரண்டையும் விழுங்கினாள்.

நேரமாகிறது. முகமூடியை இறக்கினாள். தன் ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டாள். தன் முள்ளைப் பார்த்தாள். இருநூறு. முதுகை மெல்லக் கடல் பக்கம் சாய்த்தாள்.

நிமிர்ந்தாள். ரெகுலேட்டரை வெளியே எடுத்தாள்.

"உங்களோடத மட்டுமா மூடினீங்க?"

சிவநேசன் கடலைப் பார்த்தான். பிறகு படகுக்காரரைப் பார்த்தான். பிறகு, பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர்கள் காட்டுவதுபோல, இரண்டு விரலைக் காட்டினான்.

அவள் திட்டவில்லை. உட்கார்ந்தபடியே திரும்பி, முதுகை அவனிடம் கொடுத்தாள்.

அவன் திருகினான். உஸ்ஸென்றது.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நாலு. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இறங்கலாமா தாட்சாயணி?" என்றார் ஃபெலிக்ஸ் சார்.

"இன்னொரு வாட்டி பாத்துடறேன் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஃபெலிக்ஸ் சார் கடிகாரத்தை நிறுத்திப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நல்லாப் பாரும்மா."