புதைந்தவனின் முகம்

ஜிர்கலான் கிராமத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவில் வெயில் இப்போதுதான் இறங்குகிறது. பனியைப் பார்த்தால் கண் கூசுகிறது. புருல்கான் சறுக்குப் பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, முட்டிபோட்டபடி தேடுகருவியைப் பனியோடு ஒட்டி நகர்த்துகிறாள். பனிச்சரிவில் சிக்கிய ஆளுக்குப் பதிலாக சமிக்ஞை அனுப்பும் கருவி கட்டிய ஒரு வைக்கோல் பொம்மையைப் பயிற்சியாளர் சகின்பாய் எங்கோ புதைத்து வைத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்குள் மீட்டுவிட்டால், நாளையிலிருந்து பாதை போடாத சரிவுகளுக்கு சறுக்க வருபவர்களை அவளே வழிகாட்டி அழைத்துப் போகலாம். தவறினால் அடுத்த குளிர்காலம்தான். கருவியின் பீப் சத்தம் ஓரிடத்தில் விடாமல் அடுத்தடுத்து கேட்கிறது. நீளக் கம்பியைக் குத்துகிறாள். டக்கென்று கல். ஒரு சாண் தள்ளிக் குத்த, மெத்தென்று எதிர்க்கிறது. கம்பியை அங்கேயே நட்டுவிட்டு, நாலடி கீழே இறங்கிப் பக்கவாட்டில் பனியை வாரத் தொடங்குகிறாள்.

"கம்பி மேல நிக்குது, நீங்க கீழ உருளைக்கிழங்கா தோண்டுறீங்க அண்ணி?" கொழுந்தன் ரிஸ்பெக் சிரிக்கிறான்.

"மேல ஏறி நின்னா உள்ள இருக்கிறவன் நசுங்கிடுவான்டா. நீ உள்ள கிடந்தாலும் இப்படித்தான் வருவேன்."

அவன் சிரிப்பு அடங்குகிறது. பனிக்குள் ஒரு கை தெரிகிறது. "பிடிச்சு இழுங்க அண்ணி," என்கிறான் மெதுவாக. அவள் இழுக்கவில்லை. அந்தக் கை வழியே தடவிக்கொண்டே போய்த் தலையைக் கண்டுபிடிக்கிறாள்.

"எட்டரை நிமிஷம். போதும்மா, நீ தேறிட்ட," என்கிறார் சகின்பாய்.

அவள் திரும்பவில்லை. கையுறையைக் கழற்றி, மூக்கும் வாயும் இருக்கவேண்டிய இடத்தில் விரலால் பனியை வழித்துவிட்டு, குனிந்து மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள்.