அதே மீன்

மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

அவன் மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டினான். வாயால் ஒட்டி உறிஞ்சும் தங்க நிறச் சக்கர் மீன் விலகி, கல்லுக்குப் பின்னால் போனது. கோல்ட்ஃபிஷின் விலாவில் செதில்கள் இல்லை. உள்ளே இருந்த சதை வெளிறிய ரோஜா நிறத்தில் தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. பத்து மணிக்கு மகள் வருவாள்.

கோல்ட்ஃபிஷ் அவளுடையது. சுண்டல் என்று பெயர் வைத்திருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவளுடையது என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

போன முறை வந்தபோது தொட்டி முழுக்கப் பாசி.

"சுண்டல் தெரியவே இல்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை உக்கடத்தில் ஒரு மீன் கடைக்குப் போனான். கோல்ட்ஃபிஷ் தொட்டிக்குப் பாசி தின்கிற மீன் வேண்டும் என்றான்.

கடைக்காரப் பெண் தொட்டியின் அளவைக் கேட்டாள். கையை விரித்துக் காட்டினான்.

"கருப்புச் சக்கர் ஒரு அடி வளருமுங்ணா, அதுக்குள்ள அடங்காது. இந்தக் கோல்டு சக்கர் பாசி திங்கும். ஆனா கோல்ட்ஃபிஷ் மெதுவா நீந்துமா, அது மேல ஒட்ட ஆரம்பிச்சா விடாது. நீங்க ரெண்டு நத்தை வாங்கிப் போடுங்க, போதும்."

நத்தையைக் காட்டி ஒரு குழந்தையை எப்படிச் சிரிக்க வைப்பது?

விரல் நீளத்தில், பொன்னாக மின்னியதையே வாங்கி வந்தான்.

இப்போது அதைச் சிறு வலையில் பிடித்துப் பக்கெட்டில் போட்டான். அவசரத்தில் பாதித் தண்ணீர் தரையில்.

சுண்டல் அடிமணலில் சாய்ந்து கிடந்தது. செவுள் ஒருமுறை திறந்தது. காத்திருந்தான். மறுபடி திறக்கவில்லை.

இது தெரிந்தால் மகள் இனி வராமல் இருந்துவிடுவாள். அடுத்த முறை காய்ச்சல் என்பார்கள். அதற்கடுத்த முறை பரீட்சை என்பார்கள்.

முன்பு இதே கூடத்தில், மகள் பார்க்க, அவன் கத்தியிருக்கிறான். தட்டை வீசியிருக்கிறான். ஒருமுறை கதவில் குத்தியதில் பலகையே உள்வாங்கியது. மனைவியும் மகளும் போன பிறகு குரலை உயர்த்தியதே இல்லை. அதைப் பார்க்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.

மீன் கடை திறக்கும்போது வாசலில் நின்றான். செத்ததன் படம் போனில் இருந்தது. தொட்டி தொட்டியாகத் தேடினான். அதே ஆரஞ்சு. அதே பருமன். வால் நுனியில் வெள்ளை மட்டும் சற்றுக் குறைவு.

"முன்ன இருந்ததுக்கு என்னாச்சுங்ணா?" என்றாள் கடைக்காரப் பெண்.

அவன் நத்தைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டில், மீன் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. அவிழ்த்து அப்படியே கவிழ்த்தான். புது மீன் ஒரு மூலையில் போய் நின்றது. கண்ணாடியைத் துணியால் அழுத்தித் தேய்த்தான். கீழே ஸ்கூட்டர் சத்தம்.

மகள் தன்ஷிகா தனியாகப் படியேறி வந்தாள். அவள் அம்மா மேலே வருவதில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாள். நேராகத் தொட்டிக்குப் போனாள்.

அவன் சமையலறை வாசலில் நின்றான். கையில் பால் டம்ளர்.

அவள் குனிந்தாள். மூக்கு கண்ணாடியில் பட்டது. மீன் திரும்பியது. வால் திரும்பியது.

நீண்ட நேரம் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை. டம்ளரில் பால் தளும்பிக்கொண்டிருந்தது.

"சுண்டல் நல்லா இருக்குதுப்பா" என்றாள் வேகமாக. "அதே மாதிரியேதான் இருக்குது. எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலப்பா."

அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அவள் சுவரோரம் அரையடி நகர்ந்திருந்தாள். அவளுக்கே அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

காலையிலிருந்து தான் பயந்தது எதற்கென்று அவனுக்கு மறந்துபோனது. இந்தப் பயம் வேறு. இது அவனுக்குள் இருந்து வரவில்லை. ஏழு வயதுக் குழந்தையின் ஒடுங்கிய தோள்களில் இருந்தது.

டம்ளரைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டான்.

"சுண்டல் செத்துப்போச்சு சாமி. அப்பா தப்பான மீன வாங்கிட்டேன்."

எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் கைகளை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.