முளை கேட்ட இடம்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் நின்ற மக்காச்சோளக் கதிரில், ஒரு மணிக்குள் முளையும் மாவும் குடியிருந்தன. எண்ணெய் முளையிடம், எடை மாவிடம்.

தோட்டக்காரி இந்தத் தடவை எண்ணெய் மிகுந்த மணிகளைத்தான் விதைக்கு எடுப்பாள், மற்றதெல்லாம் கோழிக்கு என்று பேச்சு வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ அக்கா, எண்ணெய் சேர்க்க நான் பெருசாகணும்" என்றது முளை.

"தள்ளிக்க இது என்ன சத்திரமாடி? நான் சுருங்கினா மணி இலேசாயிடும். அப்பவும் கோழிக்குத்தான்."

முளை நம்பவில்லை. அன்றைக்கே, முந்தி முற்றிய கதிர்களை உதிர்த்துக் களத்தில் புடைத்தார்கள். முளை பெருத்து மாவு சுருங்கிய மணிகளெல்லாம் முறத்திலிருந்து பறந்து விழுந்தன. கோழி ஒன்றையும் விடவில்லை.

முளை மாவின் பக்கம் திரும்பியது. "இப்ப என்னக்கா செய்றது?"

"உன் அறை நிறைஞ்சிருக்கா?"

"இல்லை. பாதி சும்மாதான் கிடக்கு."

"அடிப்பாவி! அதை வச்சுக்கிட்டா என் இடத்தைக் கேட்டே?"

அதன்பிறகு முளை, மணி இறுகும்வரை மாவின் பக்கம் ஒரு விரல்கூட நீட்டாமல், தன் அறையின் மூலைமுடுக்கெல்லாம் எண்ணெயை அடைத்து, கடைசியில் காலை நீட்டக்கூட இடமில்லாமல் அதன்மேலேயே குந்திக்கொண்டது.