ஒரிஜினல் எங்கே?

“அதெல்லாம் சரி வித்யா. ஒரிஜினல் எங்க இருக்கு?”

ஃபிராங்க்ளின் இதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார். வித்யாலட்சுமி பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதுதான் சார் ஒரிஜினல். பேப்பரே கிடையாது. என்எஃப்டினு சொல்வாங்க.”

“குரங்குப் படத்தைக் கோடிக்கணக்குல வித்தாங்களே, அதுவா?”

“அதேதான். ஆனா படம் விக்கிறதுக்கு மட்டும் இல்ல சார்.”

பெங்களூரில் ஈஜிபுரா சிக்னலைத் தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில் ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேருடைய சான்றிதழும் ஃபிராங்க்ளின் கைக்கு வந்துதான் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர் வேலை. முத்திரையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். போலியாக இருந்தால், அது எந்த மாதிரி மெஷினில் அடித்தது என்பதுவரை சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றி யாரும் உள்ளே வந்ததில்லை என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

வித்யா சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இனி எல்லாருடைய சான்றிதழும் என்எஃப்டியாக இருக்க வேண்டும் என்பது அவள் யோசனை. “ஃபிராங்க்ளின் ஓகே சொல்லட்டும், திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம். உங்க வேலையையும் கன்ஃபர்ம் பண்ணிடலாம்” என்று டைரக்டர் மேடம் சொல்லியிருந்தார்.

“சார், உங்ககிட்ட ஒரு நூறு ரூபா நோட்டு, என்கிட்ட ஒரு நூறு ரூபா நோட்டு. மாத்திக்கிட்டா யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா உங்க வீட்டுப் பத்திரத்தையும் எங்க வீட்டுப் பத்திரத்தையும் அப்படி மாத்திக்க முடியுமா?”

“லிங்கராஜபுரத்துல ரெண்டு ரூம், மழை பேஞ்சா ஒழுகும். நீ வேணா எடுத்துக்கோ.”

“நாங்க ஸ்ரீராம்புரத்துல வாடகைக்கு இருக்கோம் சார். நஷ்டம் உங்களுக்குத்தான்.”

அவர் சிரித்துவிட்டார். வித்யாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“அந்த மாதிரி, இதுக்குப் பதில் அதுன்னு மாத்த முடியாத பொருளுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு டோக்கன். யார் கொடுத்தாங்க, யாருக்குக் கொடுத்தாங்க, எந்தத் தேதி, எல்லாம் அதுல இருக்கும். அந்தப் பதிவு ஒரே இடத்துல இருக்காது சார். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணுல கை வெச்சா மத்ததெல்லாம் காட்டிக் கொடுத்துடும். கச்சேரி டிக்கெட்டுக்கு இது வந்தாச்சு. நாளைக்கு வீட்டு மனை வாங்குற சைட் பத்திரத்துக்கும் வரலாம். ஒரே சைட்டை நாலு பேருக்கு விக்கிற கதையெல்லாம் கஷ்டம்.”

“அப்போ பாதி பெங்களூருக்கு வேலை போயிடும்.”

“சர்டிபிகேட்டை மட்டும் யாருக்கும் விக்க முடியாதபடி பூட்டியே தருவாங்க.”

ஃபிராங்க்ளின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “டோக்கனை நாமளே போட்டுக்க முடியாதா?”

“போடலாம், ஆனா யாரு நம்புவாங்க? காலேஜ் போட்டாதான் மதிப்பு.”

“புதுசா சேர்றவங்களுக்குத்தானே?”

“இல்ல சார், எல்லாருக்கும். பழைய ஆளுங்களோட பேரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் நாம அனுப்புவோம். அவங்கவங்க காலேஜ்ல பழைய ரிக்கார்டைப் பார்த்து டோக்கன் போடுவாங்க. ரிக்கார்டுல பேர் இல்லன்னா டோக்கன் வராது.”

“ரொம்பப் பழைய ரிஜிஸ்டரு. கரையான் அரிச்சிருந்தா?”

“எப்பவோ ஸ்கேன் பண்ணி வெச்சுட்டாங்களாம் சார். நான் விசாரிச்சுட்டேன்.”

“அங்க தெரிஞ்ச ஆளு யாராவது இருந்து, ஒரு பேரை உள்ள நுழைச்சா?”

“நுழைச்ச தேதியும் அந்த ரிக்கார்டுலயே விழுந்துடும் சார். தொண்ணூத்தொண்ணுல படிச்சவருக்கு நேத்து பேர் ஏறியிருந்தா யாருக்கும் சந்தேகம் வராதா?”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே வண்டிகள் நகராமல் ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

வித்யாவுக்குச் சட்டென்று மனசு உறுத்தியது. இத்தனை வருடம் கைவிரலை நம்பிப் பிழைத்த மனிதர். இனிமேல் அந்த விரலுக்கு இங்கே என்ன வேலை? காலையில் கேன்டீன் கோவிந்தப்பாகூட, “பாப அவரு, ஏனு மாடோது?” என்று, பாவம் அவர், என்ன செய்வார் என்ற அர்த்தத்தில், கன்னடத்தில் உச்சுக்கொட்டியிருந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இதனால உங்க வேலை போகாது. இதுக்குன்னு வரப்போற புதுப் பிரிவுக்கும் நீங்கதான் தலைவரா இருக்கணும்னு மேடத்துக்கு எழுதியே கொடுத்திருக்கேன்.”

ஃபிராங்க்ளின் அவள் பக்கம் திரும்பினார்.

“நல்ல பொண்ணும்மா நீ” என்றார். “உன் திட்டமும் நல்லா இருக்கு. எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கும்னு இவ்வளவு நேரமா தேடினேன். இல்ல.”

மேஜைக்கு வந்து ஒப்புதல் தாளை இழுத்தார். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். வித்யா அதை வாங்கிப் பத்திரமாக ஃபைலில் வைத்தாள். வீட்டுக்கு இப்போதே போன் செய்யலாமா, சாயங்காலம் நேரிலேயே சொல்லலாமா என்று மனசு ஓடியது.

“ரொம்ப தேங்க்ஸ் சார். திங்கட்கிழமை முதல் லிஸ்ட் காலேஜுகளுக்குப் போயிடும். சீனியர்கள்ல இருந்து ஆரம்பிக்கணும்னு மேடம் சொன்னாங்க. முதல் பேரு உங்களோடதுதான்.”

ஃபிராங்க்ளின் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“என் பேரை மட்டும் அனுப்பாதம்மா, பாவம், வீணா தேடுவாங்க” என்றார். “நான் பி.யூ.சி.லயே பெயில்.”