கம்பின் இடது முனை

கல்லாற்றில் வெள்ளம் கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாக ராணுவப் பொறியாளர் படை இரும்புப் பாலம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வேலையில் என் கணவர் செல்வமணி ஆற்றில் விழுந்து இரண்டு நாளாயிற்று; இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா நீந்துவான், தங்கச்சி. எங்கயாவது கரையேறியிருப்பான்," என்றார் ஹவில்தார் ஜெபசிங். அதை நம்பித்தான் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

இரும்புச் சட்டத்துக்கு அடியில் மூன்று கம்புகளை நுழைத்து, பக்கத்துக்கு மூவராகத் தூக்குவார்கள். இன்று ஐந்து பேர்தான்.

"ஒரு ஆளு கொறவாக்கும். யாராவது வாங்கடே!" என்று கூப்பிட்டார் ஹவில்தார்.

"வேண்டாம் சார், பாரமே தெரியல்ல," என்றான் சிப்பாய் விஜின்.

என் கணவர் வழக்கமாகப் பிடிக்கும் கடைசிக் கம்பின் இடது முனையை யாரும் பிடித்திருக்கவில்லை. அது சாயாமல் மற்றவற்றோடு அதே உயரத்தில் நகர்ந்தது.

"எறக்கு!"

ஐவரும் குனிந்தார்கள். அந்த முனை மட்டும் சற்றுத் தாமதித்து, மெதுவாக இறங்கியது.

நான் எழுந்து ஹவில்தாரிடம் போனேன்.

"தேடுறத நிறுத்தச் சொல்லுங்க அண்ணா."