அமாவாசையில் ஓடும் ரம்பம்

செத்துப்போன வெங்கட் பட்டறைக்குள் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். இறக்கிவிட்ட ஷட்டருக்கு வெளியே நின்று மோகன்குமார் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

சுள்ளென்று மதிய வெயில். ஆனால் அமாவாசை. ஓசூர்ப் பக்கம் அன்றைக்கு எந்தத் தச்சுப் பட்டறையிலும் மெஷினைத் தொடமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் தொடமாட்டார்கள்.

ஷட்டரை ஒட்டி நாற்காலி போட்டு, வெங்கட்டின் அப்பா திம்மராயன் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

“லீவு நாள்ல இங்க என்னடா வேலை உனக்கு?”

“நாளையில இருந்து அந்த மெஷின்ல நான்தானுங்களே நிக்கணும்? ஆளுங்க சொன்னது நெசமா பொய்யான்னு தெரிஞ்சாகணுங்கய்யா.”

“கேட்டியில்ல? என் மவன்தான். கெளம்பு.”

மோகன்குமார் கிளம்பவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் மெல்லிய பட்டை அறுக்கும்போதுதான் வெங்கட் செத்தான். பிளேடுக்கும், மரம் உரசிப் போகும் தடுப்புக்கட்டைக்கும் நடுவே பட்டை வரும்படி வைத்து அறுத்தான். சிக்கிய பட்டை அம்பாகத் திரும்பி வந்து கழுத்தில் பாய்ந்தது.

அதற்குப் பிறகு பட்டை அறுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் அமாவாசைக்கும் மறுநாள் காலையில் மேசைமேல் ஒரு கட்டுப் பட்டை இருக்கும். தடுப்புக்கட்டை மட்டும் தள்ளி நிற்கும். பட்டை பிளேடுக்கு வெளிப்பக்கம் விழும்படி, பத்திரமாக அறுத்திருக்கும்.

“செத்தப்புறம்தான்டா அவனுக்குப் புத்தி வந்திருக்கு” என்று பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, ஒருத்தரும் தனியாக உள்ளே போகமாட்டார்கள்.

“இதுக்கு சுமலதாக்கா என்ன சொல்றாங்க?”

“மருமவ பேரிகை ஊர்ல இருக்கற தாய் வூட்டுக்குப் போயிருக்கா. எங்க வமிசத்துப் பொம்பளைங்க பட்டறை வாசப்படிய மிதிச்சதில்ல. அவள எதுக்குடா இதுல இழுக்கற?” திம்மராயனின் குரல் கறாராக இருந்தது. “ஊரு பேய்ன்னே சொல்லிட்டுப் போவட்டும். வேற ஒரு பேச்சு வந்துடக் கூடாது.”

உள்ளே ரம்பம் ஒரு கட்டையைத் தின்று முடித்து, அடுத்ததைக் கடித்தது.

“பேய்க்குக் கரண்ட் எதுக்குங்கய்யா?”

தைரியத்தில் கேட்டானா பயத்தில் கேட்டானா என்று மோகன்குமாருக்கே தெரியவில்லை. சட்டென்று போய், வெளிச்சுவரில் இருந்த மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினான்.

ரம்பம் முனகி முனகி நின்றது. திம்மராயன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

மெஷின் நின்றும் உள்ளே வேலை நிற்கவில்லை. பிளேடில் பாதியோடு மாட்டிக்கொண்ட கட்டையை யாரோ அசைத்து அசைத்து இழுக்கும் சத்தம் கேட்டது.

மோகன்குமார் ஷட்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

“அய்யோ, தப்பு பண்ணிட்டன் வெங்கட்டண்ணா! ஆரம்பிச்ச வேலைய நீயே முடிச்சுக்க. கரண்ட் குடுத்துடறன், என்ன விட்டுடு!”

கும்பிட்ட கையைப் பிரித்துப் பாய்ந்து கைப்பிடியைப் பற்றினான். பழைய மெஷின் அது. மெயினை மேலே தள்ளினால் போதும், ரம்பம் தானாகவே சுற்றத் தொடங்கிவிடும்.

திம்மராயன் அவன் மேலேயே போய் விழுந்து, அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

“போடாதடா! உள்ள என் மருமவ கை இருக்குது!”