மூணாவது லேட்

மணி எட்டு ஐம்பது. மேனேஜர் ராமகிருஷ்ணனுக்கு ரத்தம் கொதித்தது.

கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே டீக்கடை. பேக்கிங் செக்ஷன் ஆட்கள் ஜீவகுமார், முருகவேல், பிரகாஷ் மூன்று பேரும் எட்டரைக்கே வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ரோட்டைத் தாண்டி வந்து மெஷினில் விரலை வைத்தால் போதும். வரமாட்டேன் என்கிறார்கள்!

வேங்கிக்காலில் இருக்கும் அந்தக் கடலை எண்ணெய்க் கம்பெனிக்குச் சென்னையில் இருக்கிற முதலாளி இந்த மாதம் புது ரூல் போட்டிருந்தார். ஒன்பதுக்கு மேல் வந்தால் லேட். மூன்று லேட் ஆனால் வேலை காலி. இந்த மூவரும் செவ்வாய் லேட், புதன் லேட். இன்று வியாழன்.

பொறுக்க முடியாமல் ராமகிருஷ்ணனே ரோட்டைத் தாண்டிப் போனார்.

“இன்னைக்கு நாலு மலை சார்,” என்றான் ஜீவகுமார், அவர் அதைக் கேட்கத்தான் வந்த மாதிரி.

“என்னடா மலை?”

“பிரான்ஸ்ல நடக்குதே, சைக்கிள் ரேஸ். சாயங்காலம் மலை ஸ்டேஜ் சார். ஏத்தம் ரொம்ப ஜாஸ்தி. கடைசி மலை மட்டும் பதினாலு கிலோமீட்டர்.”

“நம்ம கிரிவலப் பாதையை அப்படியே தூக்கி நிமித்தி வெச்சா எப்படி இருக்கும்? அப்படி,” என்றான் முருகவேல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் சைக்கிளில் மலையை ஒரு சுற்று சுற்றுவார்கள். அதற்கே இந்தப் பேச்சு.

“மணி என்னன்னு தெரியுதா?”

“எட்டு அம்பத்தஞ்சு சார். மஞ்சள் பனியன் போட்டவன்தான் இப்ப முதல் இடம். ஆனா இன்னைக்குத் தாங்க மாட்டான். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் நினைக்கிறதைச் சொன்னா உங்களுக்குக் காது கூசும். எழுந்திருங்கடா!”

“அவன் தாங்குவான்டா,” என்று பிரகாஷ் குறுக்கே புகுந்தான். “நேத்து மூச்சு வாங்குனதெல்லாம் சும்மா ஆக்டிங்.”

“ஆக்டிங்கா? வாயில நுரை தள்ளிச்சு!”

ராமகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே ஆர்டர் குவிந்து கிடக்கிறது. எவனோ எங்கேயோ மலையேறுவதற்காக இங்கே மூன்று பேர் வேலையை விடத் துணிந்துவிட்டார்கள். அதிலும் ஜீவகுமாருக்கு ஆவணியில் கல்யாணம். வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்?

“கடைசியா சொல்றேன். உள்ள வரீங்களா, இல்ல அப்படியே வீட்டுக்குப் போறீங்களா?”

“உங்களுக்கு ஒரு டீ சொல்லட்டுமா சார்?”

அதற்கு மேல் அவருக்கு வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. அவர் திட்டத் திட்ட அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது அடித்தது. ஒன்பது ஐந்தும் ஆனது.

ஒன்பது பத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பேக்கிங்கில் நாலாவது ஆளான அருணாதேவி இறங்கி ஓடி வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து, டவுனில் ஆட்டோ மாறி வருகிறவர். இரண்டு நாளாக அவரும் லேட்தான்.

மூவரும் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

“நீங்களும் இப்பத்தான் உள்ள போறீங்களா தம்பி?”

“ஆமாக்கா. பேசிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியல.”

“நல்ல வேளைப்பா. நான் மட்டும்தானோன்னு பயந்துட்டே ஓடி வந்தேன்.”

நான்கு பேரும் சேர்ந்தே உள்ளே போய் வரிசையாக விரல் வைத்தார்கள். ஒன்பது பன்னிரண்டு.

பின்னாலேயே வந்த ராமகிருஷ்ணன், கடைசியில் நின்ற ஜீவகுமாரின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“எட்டரைக்கே வந்தவன் எதுக்குடா லேட் வாங்குற?”

அருணாதேவி உள்ளே போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு ஜீவகுமார் தாழ்ந்த குரலில் சொன்னான். “அக்காவோட மாமியார் இடுப்பு ஒடிஞ்சி படுத்திருக்காங்க சார். நாத்தனார் வந்தப்புறம்தான் இவங்க கிளம்ப முடியும். பத்து நிமிஷம் முன்னபின்ன ஆகுது. திங்கக்கிழமை உங்ககிட்டதான வந்து கேட்டாங்க? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மான்னு அனுப்பிட்டீங்க.”

ராமகிருஷ்ணனின் கை தோளிலிருந்து நழுவியது.

“அதுக்காக?”

“மலை ஸ்டேஜ்ல ஒரு டைம் வெச்சிருப்பாங்க சார். அதுக்குள்ள வந்து சேரலைன்னா ரேஸைவிட்டு அனுப்பிடுவாங்க. அதனால ஏற முடியாதவங்கல்லாம் கடைசியில ஒண்ணா சேர்ந்து வருவாங்க. ஒருத்தன் லேட்டுன்னா அனுப்பிடலாம். மொத்தக் கூட்டமும் லேட்டுன்னா? நாளைக்கு ரேஸ் ஓட்ட ஆள் வேணுமே சார். இங்க பேக்கிங்ல மொத்தமே நாங்க நாலு பேர். நாலு பேரையும் அனுப்பிட்டு, முதலாளியா வந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவாரு?”

“அனுப்பிட்டாருன்னா என்னடா பண்ணுவ? ஆவணியில கல்யாணத்தை வெச்சிக்கிட்டு?”

“பயமாத்தான் சார் இருக்கு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல.” ஜீவகுமார் மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தான். “அக்காவுக்குத் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா நாளைக்கே அவங்களா நின்னுடுவாங்க.”

ராமகிருஷ்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளி.

“என்ன ராமகிருஷ்ணன், இன்னைக்கு பேக்கிங்ல லேட் எத்தனை பேர்?”

எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்பதுதான் இப்போது மாறியிருந்தது.

“அஞ்சு பேர் சார்.”

“பேக்கிங்ல இருக்கிறதே நாலு பேர்தானே? அஞ்சாவது யாரு?”

“நான்தான் சார். ஒன்பது அடிக்கும்போது நானும் அவங்களோட வெளியதான் நின்னுட்டிருந்தேன்.”